கண்ணாடி மாடத்திலிருந்து பெண் பார்த்தோம்

கண்ணு,

நீ என் போனை எடுப்பதில்லை. உன் அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். நான் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்ததும் "அப்புறம் பேசறேனுங்கம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். மன்னிப்புக் கேட்கத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துப் பிரித்திருந்தால் இப்போதே மடித்து வைத்துவிடு. எனக்கு அது பழக்கமில்லை, இந்த வயதில் பழகிக்கொள்ளவும் போவதில்லை. ஆனால் அன்றைக்கு உன் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது என்ன என்பதும், அதற்குப் பிறகு பவானியில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்தது என்ன என்பதும் உனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ மதுரையில் உட்கார்ந்து என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது நியாயமில்லை.

என் பக்கத்து வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெண் பார்க்க எத்தனை குடும்பம் நம் வீட்டுக்கு வந்தது? எந்த ஞாயிற்றுக்கிழமையாவது நீ வீட்டில் இருந்தாயா? அம்மா விடியற்காலையில் எழுந்து கேசரி கிளறி வைப்பாள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் உன் பட்டமளிப்புப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "ஏனுங்க, பொண்ணு நெஜமாலுமே இருக்குதுங்களா?" என்று ஒருத்தர் கிண்டலாகக் கேட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. எமர்ஜென்சி, டியூட்டி, கேஸ் என்று உன்னிடம் ஏதாவது ஒன்று இருக்கும். என்ன கேஸ் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. உன் சித்தப்பா உன் ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்திருந்தபோதும் நீ வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு என்ன நோய் என்று கூடப்பிறந்த நான் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் கத்தினேன். "அவர் சொல்லட்டுமுங்கப்பா. அது அவரோட ஒடம்பு" என்று சொல்லிவிட்டுத் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். படித்த திமிர் என்றுதான் அப்போது நினைத்தேன். எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் மேட்டுப்பாளையத்து இடம் வந்தது. பாக்கு மண்டி, பழைய குடும்பம், பையன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான், டாக்டர் பெண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். நீ வழக்கம்போல அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்றாய். பையனின் அப்பா, அந்த மேட்டுப்பாளையத்தார், போனில் கொஞ்சம் சலித்துக்கொண்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. என் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை ஆபீஸ் அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று உனக்குத் தெரியும். நேராக லேத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவேன். வேலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பேன். பார்த்தவன் எவனும் திரும்பிப் போனதில்லை. கணபதிப் பக்கத்தில் இத்தனை பட்டறைகளுக்கு நடுவில் நான் யாருடைய சிபாரிசும் இல்லாமல் நின்றது அப்படித்தான். உன்னையும் வேலை செய்கிற இடத்திலேயே காட்டினால் என்ன? ஆபரேஷன் தியேட்டருக்கு மேலே கண்ணாடி போட்ட மாடம் ஒன்று இருக்கிறது, மாணவர்கள் அங்கே நின்று பார்ப்பார்கள் என்று என்றோ நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே நிர்வாகத்தில் இருப்பவர் என் வாடிக்கையாளர் ஒருவரின் மச்சினர். கேட்டேன். தயங்கினார். "செத்த நேரந்தானுங்க, வெளிய சொல்லிப்போடாதீங்க" என்று ஒத்துக்கொண்டார். அம்மாவிடம் சொன்னேன். "பொண்ணை ஊட்டுல பாப்பாங்க, கோயில்ல பாப்பாங்க. வவுத்தைக் கிழிக்கற எடத்துலயா பாப்பாங்க? உங்களுக்கு என்னுங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளை வேட்டி சட்டையில் நானும் மேட்டுப்பாளையத்தாரும், பட்டுச்சேலையில் அவர் சம்சாரமும் போனோம். அந்த அம்மாள் கையில் ஒரு தட்டில் பழமும் பூவும்கூட இருந்தன. அதை வெளியிலேயே வைக்கச் சொன்னார்கள். சின்னப் படிக்கட்டு ஏறினால் குறுகலான இடம், சாய்வான கண்ணாடி, கீழே நடக்கும் பேச்சு கேட்க ஒரு ஸ்பீக்கர். உள்ளே நீங்கள் எல்லோரும் பச்சை உடையில், தலையில் தொப்பி, முகத்தில் முகமூடி. "ஏனுங்க, இதுல பொண்ணு எதுங்க?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார். நான் உடனே காட்டிவிட்டேன். நீ ஒரு காலைத் தூக்கி மற்றக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டு நின்றாய், எத்தனை பேர் நடுவில் நின்றாலும் எனக்கு அது தெரியும். "ஒசரம் பரவால்லீங்க" என்றார். "கண்ணு மட்டுந்தானுங்க தெரியுது" என்று மேட்டுப்பாளையத்தார் சொல்ல, "இன்னிக்குக் கண்ணைப் பாத்துக்குங்க, மூக்கை நிச்சயத்தன்னிக்குப் பாத்துக்கலாமுங்க" என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போதுதான் ஆபரேஷனுக்கு ஒரு அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நம் அம்மா வயதிருக்கும். இன்னும் மயக்கம் கொடுக்கவில்லை. மேஜையில் மாற்றிப் படுக்க வைத்தபோது மேலே விளக்கைப் பார்த்தார்கள், அதற்கும் மேலே எங்களைப் பார்த்தார்கள். வெள்ளை வேட்டியும் பட்டுச்சேலையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் அவர்கள் யார் என்று நினைப்பார்கள்? எங்களை எல்லாருக்கும் மேலான பெரிய டாக்டர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. கையில் ஊசி குத்தி டியூப் மாட்டியிருந்தது. அந்தக் கையையும் மற்றக் கையையும் கஷ்டப்பட்டுச் சேர்த்துப் படுத்தபடியே எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். காப்பாற்றிவிடுங்கள் என்று கேட்கிற கும்பிடு. மேட்டுப்பாளையத்தார் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன் கண்ணு. கை தானாகத் தூக்கிக்கொண்டது. நீ குனிந்து அவர்கள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய், எங்களைப் பார்க்கவில்லை. அவர்கள் தூங்கியதும் துணியை விலக்கி மருந்து தடவினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் இறங்கிப் போகவில்லை. மற்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

கத்தி பட்டதும் ரத்தம் பீறிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு கோடு போட்டாய், அது கொஞ்ச நேரம் கோடாகவே இருந்தது. பிறகுதான் சிவந்தது. எங்கள் பட்டறையில் இரும்பு வெட்டும்போது வருவதுபோல ஒரு புகை வந்தது, ஸ்பீக்கரில் சர் என்று சத்தம் கேட்டது. நாற்றம் கண்ணாடியைத் தாண்டி வராது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கண்டதை இங்கே எழுதமாட்டேன். எழுதும் உரிமை எனக்கு இல்லை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நீ வேலை செய்ததை மட்டும் எழுதுகிறேன். நீ கையை நீட்டினால் கேட்காமலே கருவி வந்து உட்கார்ந்தது. வயசில் மூத்த நர்ஸை நீ அக்கா என்றாய், அவர்கள் உன்னை மேடம் என்றார்கள். சம்பந்தியம்மாள் "இந்தக் கையிலதானுங்க சோறும் பெசையும்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

திடீரென்று எல்லாம் மாறிப்போனது. என்ன அறுந்தது, எங்கே அறுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் குழாயில் அதுவரை துளித்துளியாகப் போனது ஒரே ஓட்டமாக ஓடிற்று, சுவரோரம் இருந்த ஜாடி எங்கள் கண்முன்னே நிறைந்தது. ஒரு பையன் டாக்டர் "அய்யோ" என்று சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் தலைக்கு மேலே கேட்டது. நீ கருவியைப் போட்டுவிட்டு உன் கையை உள்ளே விட்டாய். மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் உள்ளே. "ஆரும் பேச வேண்டாம். அக்கா, மாப் குடுங்க. இன்னொண்ணு. பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க. ரத்தம் ஏத்துங்க." அந்த மாப் என்பது பெரிய வெள்ளைத் துணி. உள்ளே போகும்போது வெள்ளை, வெளியே வரும்போது வேறு. "மேடம், கையை மாத்தறீங்களா? நான் புடிச்சுக்கறேன்" என்று அந்தப் பையன் கேட்டான். "நான் எடுக்க மாட்டேன். எடுத்தா போயிருவாங்க" என்றாய். உன் குரல் உயரவில்லை. நம் வீட்டில் உப்பு கேட்பதுபோலச் சொன்னாய்.

சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். மேட்டுப்பாளையத்தார் கொஞ்ச நேரம் எட்டிப்பார்த்துவிட்டு "நாங்க போனு பண்றமுங்க" என்று அவர் பின்னாலேயே போனார். நான் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அசையவே இல்லை. வேர்வை உன் கண்ணில் இறங்கியது, நர்ஸ் துடைத்தார்கள். ஒரு உயிர் உன் விரல் நுனியில் நிற்கிறது, நீ விரலை எடுத்தால் இல்லை. இத்தனை வருஷம் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து தயிர்ச் சோறு சாப்பிட்ட கை அது. இந்தக் கையோடுதான் நீ தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாயா? ஒரு நாளாவது, இன்று இப்படி ஆயிற்று என்று சொல்லியிருக்கிறாயா? நான் தகப்பன் கண்ணு. பெரிய டாக்டர் ஓடிவந்து கை கழுவி உன் பக்கத்தில் நின்றதும், என்னை அனுமதித்தவர் வந்து "இறங்குங்க, இறங்குங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பக்கத்தில் ஒருத்தர், தோளில் துண்டு, மடியில் ஒயர்க்கூடை. கூடையில் ஒரு சீப்பும் போர்வையும் இருந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பேசினார்.

"உள்ள ஆருங்க இருக்காங்க?"

"என்ற பொண்ணுங்க."

"பயப்படாதீங்க. எங்கூட்டுக்காரியும் உள்ளதானுங்க இருக்கா. டாக்டரம்மா சின்னப்புள்ளையாட்டத்தான் தெரியுது. ஆனா தங்கமான புள்ளைங்க. நேத்து அவ கையப் புடிச்சுட்டு அத்தன நேரம் பேசிட்டு இருந்துச்சு. ஒண்ணும் ஆகாதுங்க. உங்க பொண்ணுக்கும் நல்லாயிரும்."

கூடையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பாதி பிய்த்து என்னிடம் நீட்டினார். அவர் மனைவியின் ரத்தம் ஜாடியில் நிறைவதை நான் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அவர் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன். எந்த முறையில்? நான் அவர்களுக்கு யார்? அண்ணனா, தம்பியா? பெண் பார்க்க வந்தவன். அந்தப் பன்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

நீ வெளியே வந்தாய். முகமூடி அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் இருந்தது. அவரிடம்தான் நேராகப் போனாய். "ரத்தம் நெறையப் போயிருச்சுங்க. இப்ப நிறுத்தியாச்சு. ஐசியூல வெச்சுப் பாக்கணுமுங்க. நாளைக்குத்தான் எதையும் உறுதியாச் சொல்ல முடியும்" என்றாய். அவர் உன் காலில் விழப் போனார். நீ அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாய். பிறகுதான் பக்கத்தில் நானிருப்பதைப் பார்த்தாய், என் சட்டையில் குத்தியிருந்த விருந்தினர் அட்டையையும் பார்த்தாய். மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் "ஏனுங்கப்பா வந்தீங்க?" என்று கேட்டாய். எனக்கு அப்போதும் புத்தியில்லை. பெருமையில் நெஞ்சு முட்டிக்கொண்டிருந்தது. "எல்லாம் பாத்தேன் கண்ணு, மேட்டுப்பாளையத்தாரும் பாத்தாங்க" என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு அதிர்ச்சியை நான் பார்த்ததில்லை. அத்தனை ரத்தம் வந்தபோதுகூட உன் கண் அப்படி ஆகவில்லை.

"என்னைப் பாத்ததுக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. சந்தையில மாட்டைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போகட்டும். அந்தம்மாவை ஆருங்க கேட்டீங்க?"

அதற்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பே வந்திருந்த மதுரை வேலையை ஒத்துக்கொண்டாய். போகும் முன் மேலிடத்தில் புகார் எழுதிக்கொடுத்துவிட்டாய். மாடத்தைப் பூட்டிவிட்டார்கள், எனக்கு உதவி செய்தவர் விளக்கம் எழுதிக்கொண்டு அலைகிறார். சொந்தத் தகப்பனையே எழுதிக்கொடுக்கிற மகள் என்று நான் அம்மாவிடம் நாளெல்லாம் திட்டினேன். உன்னைப் பெருமைப்படுத்தத்தானே கூட்டிக்கொண்டு போனேன், இதில் என்ன குற்றம் என்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது. பயந்து ஓடினவர்கள் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். "பொண்ணு புலிங்க. எங்களுக்குப் பூரண சம்மதம்" என்றார். நீ என்ன சொன்னாலும் முடித்துவிடுவது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

போன வாரம் பவானியில் உன் அம்மா வழியில் ஒரு கல்யாணம். மேட்டுப்பாளையத்தாரும் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார். "ஏனுங்க, இவரு பொண்ணு பண்ணுன காரியம் தெரியுமுங்களா?" சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை, நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு உன்னை விட்டுவிட்டார். அந்த அம்மாவின் உடம்பைப் பேச ஆரம்பித்தார். துணி விலக்கியபோது கண்டதை, உள்ளே கண்டதை, அதன் நிறத்தை, அளவை, கையால் அளந்து காட்டிக் காட்டி, இலையில் விழுகிற பொரியலோடு ஒப்பிட்டுச் சொன்னார். "அய்ய, சாப்படறப்பப் போயி" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கேட்டார்கள். "இன்னொரு கூத்துங்க. மயக்கத்துக்கு முன்னால எங்களைப் பாத்து ஒரு கும்புடு போட்டுச்சு பாருங்க! பெரிய டாக்டருன்னு நெனச்சுப்போட்டு!" வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எதிரே இருந்த ஒருத்தர், "எந்த ஊருப் பொம்பளைங்க அது?" என்று கேட்டார். "ஊருங்களா? வெளிய பலகையில பேரோட போட்டிருந்துச்சுங்க. நம்ம சத்தியமங்கலத்துப் பக்கந்தானுங்க, பேரு…"

நான் எழுந்துவிட்டேன். இலையில் சோறு அப்படியே இருக்க, பாயசம் வரும் முன்னால், பந்தி நடுவில். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போனவன் மறுபடி அந்தக் குடும்பத்தோடு கை நனைப்பதில்லை. "வாயை மூடுங்க" என்றேன். மண்டபத்தில் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். "என்னுங்க சம்பந்தி, என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்?" என்று அவர் திகைத்துப்போய்க் கேட்டார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும் அதுவரை புரிந்திருக்கவில்லையே. "அந்தம்மாவை ஆருங்க கேட்டீங்க?" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. இந்த சம்பந்தம் வேண்டாமுங்க என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெண்கள் வரிசையில் உன் அம்மாவும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. பஸ் பெருந்துறை தாண்டியதும், "பசிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பசிக்கிறது என்றேன்.

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அவர் வாய்க்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். படியேறிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, வேலையைப் பாருங்கள் என்று காட்டியது நான்தான். லேத்தில் சுற்றுவது இரும்பு. இரும்புக்கு ஊர் இல்லை, வெளியே பெஞ்சில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்கக் கூடாது. சித்தப்பா விஷயத்தில் நீ வாயை மூடியது திமிர் இல்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கூடப்பிறந்தவனிடம்கூட மறைப்பது சரியா என்பதில் எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

சில விஷயங்களில் நான் மாறவில்லை, அதையும் தெரிந்துகொள். உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பதில் மாறவில்லை. இனி உன்னைப் பார்க்க வருகிறவன் நம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்து, உன் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நீ வீட்டில் இருக்க வேண்டும். மணிக்கணக்காக நிற்கிறாய், நல்ல செருப்பாக வாங்கிப் போடு, காலைத் தேய்த்துக்கொண்டு நிற்காதே. சாப்பிடாமல் உள்ளே போகாதே. அன்றைக்கு உன் கை அசையாமல் இருந்ததுபோலவே என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டும் இருக்காதே. பக்கத்தில் நின்ற அந்தப் பையனுக்கும் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொடு. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் இனி கேட்கமாட்டேன். தயிர்ச் சோற்றைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள். பேசாமல் உட்கார்ந்திருக்கிறவள் எங்கேயிருந்து வந்திருக்கிறாள் என்பதை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

அந்த அம்மா ஐசியூவுக்குப் போனதுவரைதான் எனக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததா, வீட்டுக்குப் போனார்களா, அந்த மனிதர் கூடையை எடுத்துக்கொண்டு யாரோடு பஸ் ஏறினார், எதுவும் தெரியாது. அதை நினைத்துத் தூக்கம் வராமல் கிடக்கிறேன். உன் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். போடவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன்.

கேட்கவில்லை கண்ணு. நீயும் சொல்லிவிடாதே.

அப்பா